கிரகரி வாவிக்குச் சைக்கிளில் போக ஹபரணை வழியா, செங்கலடி வழியா?

மூன்று மாதமாக உட்துறைமுக வீதித் தேத்தண்ணிக் கடையில் இழுபட்ட பேச்சு இது. நாலு பேர், நாலு சைக்கிள், ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு கிழமை, திருகோணமலையில் இருந்து மிதித்துப் போய் நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரையில் சைக்கிளைச் சாய்த்து வைப்பது. அவ்வளவுதான் திட்டம். எந்த வழி என்று கேட்டதும் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. மச்சானுக்கு ஹபரணை வழி, எனக்குச் செங்கலடி வழி. மருமகனுக்கு எது ஏற்றம் கூடுதலோ அது. நாலாவது ஆள் எங்கள் ரிட்டயர் மாஸ்டர், அறுபத்தொரு வயது, கியர் இல்லாத லுமாலா சைக்கிள். அவருக்கு எந்த வழியில் பிளேன்டீ கிடைக்கும் என்பது மட்டும்தான் கேள்வி.

மச்சானின் மனைவி கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். "மூண்டு பக்கமும் கடலை வச்சுக்கொண்டு குளம் பார்க்கவோ போறியள்?" கேள்வி நியாயமானது, ஆனால் பதில் இருக்கிறது. கிரகரி வாவியில் இருந்து வழிகிற தண்ணீர் நானு ஓயாவில் விழுகிறது, நானு ஓயா கொத்மலை ஓயாவில், கொத்மலை ஓயா மகாவலியில், 335 கிலோமீற்றர் ஓடுகிற அந்த மகாவலி வந்து சேர்வது எங்கள் கொட்டியாரக் குடாவில். அந்தத் தண்ணீர் இத்தனை காலமும் எங்களைத் தேடி வந்துகொண்டிருக்கிறது, ஒருமுறை நாங்களும் அதன் வீட்டுக்குப் போய் வரலாமே. 1873 இல் ஆளுநர் வில்லியம் கிரகரி ஒரு சதுப்பு நிலத்தை மறித்துக் கட்டிய வாவி அது, அப்படியொன்றும் பழையதல்ல. கந்தளாய்க் குளத்தோடு வைத்துப் பார்த்தால் நேற்றுப் பிறந்த குழந்தை.

சரி, வழிக்கு வருவோம்.

மேற்கு வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏ6 வீதியில் தம்பலகாமம், முள்ளிப்பொத்தானை, கந்தளாய், அலுத்ஓயா, ஹபரணை, தம்புள்ளை. அங்கிருந்து ஏ9 இல் நாவுல, மாத்தளை, கண்டி. பிறகு பேராதனையில் ஏ5 வீதியைப் பிடித்துக் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை, நுவரெலியா. மொத்தம் 260 கிலோமீற்றர் அளவு. கிழக்கு வழி ஏ15 இல் கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை, வாழைச்சேனை என்று கரையோரமாகச் செங்கலடி வரைக்கும் போய், அங்கே வலது பக்கம் திரும்பினால் கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை, ஹக்கலை, நுவரெலியா. 315 கிலோமீற்றர் அளவு. செங்கலடியில் திரும்பிப் பிடிக்கிற வீதியும் அதே ஏ5 தான், இது பலருக்குத் தெரியாது. பேராதனையில் தொடங்கி நுவரெலியா மேலேறி, மறுபக்கம் பதுளைக்கு இறங்கிச் செங்கலடியில் முடிகிற ஒரே வீதி. ஆகவே நாங்கள் சண்டை பிடிப்பது ஒரே கயிற்றின் எந்த நுனியைப் பிடித்து ஏறுவது என்றுதான்.

55 கிலோமீற்றர் வித்தியாசம். மச்சானின் வாதம் முழுவதும் அந்த 55 இல்தான் நிற்கிறது. நான் மேற்கு வழியை இரண்டு தரம் மிதித்திருக்கிறேன், ஒன்று மார்ச்சில், ஒன்று ஜூலையில். கிழக்கு வழியை ஒரு தரம், ஓகஸ்டில். இந்த மூன்று பயணத்துக்கும் பிறகு தூரக் கணக்கில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. சைக்கிள்காரனுக்குக் கணக்கே வேறு: எந்த மாதம், காற்று எந்தப் பக்கம், மழை மலையின் எந்தப் பக்கம்.

திருகோணமலைக்காரருக்குக் கச்சான் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. (வறுத்துச் சுருளில் கட்டித் தருகிற கடலையைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன்.) மே கடைசியில் இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்கில் இருந்து வருகிற அந்தக் காற்று, மலைக்கு அந்தப் பக்கம் மழையை எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, காய்ந்து சூடேறி எங்கள் பக்கம் இறங்குகிறது. காலை ஏழு மணிக்கு ஒன்றும் தெரியாது. பத்து மணிக்குப் பிறகு முகத்தில் அடுப்பைத் திறந்த மாதிரி இருக்கும். இப்போது வரைபடத்தை எடுத்துத் திருகோணமலையில் இருந்து ஹபரணைக்கு ஒரு கோடு போட்டுப் பாருங்கள். நேர் தென்மேற்கு. அதாவது கச்சான் புறப்படுகிற வாயை நோக்கியே 110 கிலோமீற்றர், தம்புள்ளை வரைக்கும். தட்டையான நல்ல காபெட் வீதிதான், கண்ணுக்கு ஏற்றமே இல்லை, ஆனால் கால் சொல்லும் அது ஏற்றம் என்று. ஜூலையில் நாங்கள் போனபோது கந்தளாய்க்கும் அலுத்ஓயாவுக்கும் இடையில் மணிக்குப் பதினொரு கிலோமீற்றருக்கு மேல் போகவில்லை, மருமகன் முன்னால் நின்று காற்றை மறிக்க நாங்கள் மூன்று பேரும் அவன் சில்லோடு ஒட்டிக்கொண்டு போனோம், அதிலும் மாஸ்டர் இரண்டு தரம் இறங்கி நடந்தார்.

கிழக்கு வழியில் கரையோரம் தெற்கும் கொஞ்சம் கிழக்குமாக இறங்குகிறது. கச்சான் வலது தோளில் அடிக்கும். தொல்லைதான், பாலங்களில் சைக்கிளை இடது பக்கம் தள்ளும், ஆனாலும் எதிர்க்காற்று அல்ல. உண்மையைச் சொல்லவேண்டும்: செங்கலடியில் திரும்பியதும் மகாஓயா வரைக்கும் வீதி தென்மேற்காகத்தான் போகிறது, அந்த 45 கிலோமீற்றரில் கச்சான் முகத்துக்கு நேர்தான். அந்த ஒரு துண்டை மட்டும் விடிய வெளிக்கிட்டுக் காற்று எழும்ப முன் முடித்துவிட்டால், பிறகு காடும் மலையும் மறைத்துக்கொள்ளும். 45 ஐச் சமாளிக்கலாம், 110 ஐ முடியாது.

பெப்ரவரி, மார்ச்சில் இதே கணக்கு தலைகீழ். அப்போது வடகீழ்க்காற்று முதுகில் தள்ளுகிறது. அந்த மார்ச் பயணத்தில் காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டுப் பதினொரு மணிக்கு ஹபரணையில் சோறு சாப்பிட்டோம், 85 கிலோமீற்றர், யாருக்கும் களைப்பில்லை. மச்சான் இப்போதும் மேற்கு வழியைப் பற்றிப் பேசும்போது அவருடைய மனதில் ஓடுவது அந்த மார்ச் மாதம். ஜூலையை வசதியாக மறந்துவிட்டார்.

மழைக்கும் இதே கதைதான். தென்மேற்குப் பருவத்தில் கம்பளை, புசல்லாவை, இறம்பொடைப் பக்கம் நனைந்துகொண்டே இருக்கும். அதே நாளில் நுவரெலியாவைக் கடந்து ஹக்கலை வளைவுகளில் இறங்கினால் வெலிமடையில் வெயில். மலை முகட்டுக்கு இந்தப் பக்கம் குடை, அந்தப் பக்கம் தொப்பி. ஜூலைப் பயணத்தில் நாங்கள் இறம்பொடை நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் ஒதுங்கினோம், மழை விடும் என்று ஒரு மணித்தியாலம் நின்றோம், விடவில்லை, சரி நனைந்தாயிற்று போவோம் என்று ஏறத் தொடங்கினோம். லபுக்கலைத் தேயிலைக்குள் பனிமூட்டம், பத்து யார் தள்ளி நிற்கிறவன் தெரியவில்லை, பிரேக் கட்டை சேறு பட்டுத் தேய்ந்து இரும்பு உரசுகிற சத்தம், எனக்குக் கைவிரல் விறைத்து மணியை அடிக்க முடியவில்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தக் குளிர் என்னவென்று வீட்டில் இருந்து யோசிக்க முடியாது. கடைசியில் கரட்டும் கோவாவும் ஏற்றப் போய்க்கொண்டிருந்த ஒரு வெறும் லொறி நின்றது. சைக்கிள்களைப் பின்னால் போட்டுவிட்டு, கிரகரி வாவிக்குப் போய்ச் சேர்ந்தது லொறியில்தான். வாவியைப் பார்த்தோமா என்றால் பார்த்தோம், சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது.

ஆகவே என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதெல்லாம் அதற்கான விளக்கம்: பெப்ரவரி நடுவில் இருந்து மார்ச் கடைசி வரைக்கும் போகிறவர்கள் மேற்கால் போங்கள். ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் போகிறவர்கள் கிழக்கால் போங்கள். நொவெம்பர், டிசெம்பரில் போகிறவர்கள் வீட்டில் இருங்கள், எங்கள் பக்கம் வெள்ளம், மலைப் பக்கம் மண்சரிவு, எந்த வழியும் வழியல்ல. ஏப்ரல் என்றால் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம், கொழும்பு முழுவதும் அங்கேதான் நிற்கும், வீதியில் வாகனம் நகராது, அறை விலை கேட்டால் தலை சுற்றும்.

ஏற்றத்தைப் பார்ப்போம், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். மேற்கில் கம்பளை 480 மீற்றர் அளவில் இருக்கிறது, அங்கிருந்து நுவரெலியா 57 கிலோமீற்றர். கிழக்கில் பதுளை 680 மீற்றர் அளவில், அங்கிருந்தும் 57 கிலோமீற்றர் அளவுதான். கணக்குப் போட்டால் மேற்கில் கிலோமீற்றருக்கு 24 மீற்றர், கிழக்கில் 21. பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் சராசரி என்பது சைக்கிள்காரனை ஏமாற்றுவதற்கென்றே உண்டானது. மேற்கில் புசல்லாவை வரைக்கும் பேசிக்கொண்டு ஏறலாம், பிறகு கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பள்ளத்தில் பார்த்துக்கொண்டே போகும் ஒரு நல்ல துண்டு, அதற்குப் பிறகு இறம்பொடையில் தொடங்கும் வளைவுகள் மூச்சு விட விடாது. வளைந்து திரும்பினால் கீழே நீங்கள் வந்த வீதி, இன்னொரு வளைவு, கீழே அதே வீதி. நுவரெலியாவுக்குச் சற்று முன்னால் முகட்டைத் தாண்டி ஊருக்குள் இறங்கும்போதுதான் பெடலை விடலாம். கியர் இல்லாத சைக்கிள் என்றால் அந்தக் கடைசி இருபது கிலோமீற்றரில் பாதி தூரம் உருட்டிக்கொண்டு நடப்பது. அதில் வெட்கமில்லை, ஆனால் பின்னால் வருகிற பஸ்காரன் உங்கள் வெட்கத்தைப் பார்க்கப் போவதில்லை, ஹோர்ன்தான் அடிப்பான்.

கிழக்கில் ஏற்றம் துண்டு துண்டாக வருகிறது. பிபிலை தாண்டியதும் லுணுகலைக்கு ஒரு ஏற்றம், பிறகு பசறை வரைக்கும் ஏறியும் இறங்கியும், பசறையில் இருந்து பதுளைக்குப் போனால் கஷ்டப்பட்டு ஏறிய உயரத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதுதான் கிழக்கு வழியின் பெரிய அநியாயம், மொத்தமாகக் கூட்டினால் கிழக்கில்தான் கூடுதலாக ஏறுகிறோம். ஆனாலும் ஒரு நாளில் அல்ல, மூன்று நாளில். கால் பழகிக்கொள்ளும். ஐந்தாம் நாள் பதுளையில் எழும்பும்போது மாஸ்டர் எங்களுக்கு முன்னால் சைக்கிளில் ஏறிவிட்டார், முதல் நாள் வாகரையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருந்த அதே மனுஷன்.

யானை. இதைச் சொல்லாமல் எந்த ஒப்பீடும் முழுமையாகாது. இரண்டு வழியிலும் இருக்கிறது, வித்தியாசம் காலத்தில். ஓகஸ்ட், செப்டெம்பரில் சுற்றியுள்ள காட்டு யானையெல்லாம் மின்னேரியாக் குளத்துக்குப் புல்லும் தண்ணீரும் தேடி வருகிறது, வெளிநாட்டுக்காரர் அதைப் பார்க்கத்தான் அந்த மாதங்களில் ஹபரணைக்கு வருகிறார்கள். ஜீப்பில் இருந்து பார்ப்பவனுக்குக் கொண்டாட்டம். சைக்கிளில் அலுத்ஓயாவுக்கும் ஹபரணைக்கும் இடையில் பொழுது படப் போகிறவனுக்கு அல்ல. கிழக்கில் புல்லுமலையில் இருந்து மகாஓயா தாண்டியும் யானை நடமாட்டம் உண்டு, அங்கே வாகனமும் குறைவு, ஆகவே உதவிக்கு ஆள் வருவதும் மெல்லத்தான். நாங்கள் வைத்திருக்கிற விதி ஒன்றுதான்: இந்த இரண்டு காட்டுத் துண்டிலும் காலை ஏழுக்கு முன்னும் இல்லை, பின்னேரம் நாலுக்குப் பின்னும் இல்லை. அப்படியானால் விடிய வெளிக்கிட்டுக் காற்றை முந்துவது எப்படி என்று கேட்பீர்கள். செங்கலடிப் பக்கம் தங்கி ஐந்தரைக்குப் புறப்பட்டால் கரடியனாறு வரைக்கும் ஊர் மனைதான், காடு தொடங்கும்போது வெளிச்சம் நன்றாக வந்திருக்கும். வீதியில் சூடு ஆறாத யானை லத்தி கிடந்தால் நின்றுவிடுங்கள், அடுத்த லொறி வரும் வரைக்கும் காத்திருந்து அதன் பின்னாலேயே போங்கள். லொறிக்காரர்களுக்கு இது பழக்கம், மெதுவாகப் போவார்கள்.

வாகன நெரிசலில் மேற்கு வழிக்குக் கிட்டவே கிழக்கு வழி வரமாட்டாது. தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையத்தைச் சுற்றி மரக்கறி லொறிகள், மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையில் அக்குறணையில் கடையும் வாகனமும் சனமுமாக ஒரே நெருக்கம். மாத்தளையில் இருந்து உக்குவளை, வத்தேகமைப் பக்கமாகச் சுற்றினால் கொஞ்சம் அமைதி, நேரம் கூடுதல், எங்களுக்கு அது பிடித்திருந்தது. கண்டிக்குள் சைக்கிள் ஓட்டுவது பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, ஓட்டிப் பார்த்தால் தெரியும். கண்டி வாவிக் கரையில் இறங்கி நின்றபோது மாஸ்டர் கேட்டார், "இதுவும் வாவிதானே தம்பி, இதோட நிப்பாட்டினா என்ன?" 1807 இல் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டியது, சுற்றிவர நல்ல நிழல் மரம். உண்மையில் நாள் குறைவாகக் கைவசம் உள்ளவர்கள் அவர் சொன்னபடி அங்கேயே நிற்பாட்டலாம். தவறில்லை.

மேற்கில் நன்மையே இல்லையா என்றால் நிறைய இருக்கிறது. ஏதாவது உடைந்தால் பத்துக் கிலோமீற்றருக்குள் சைக்கிள் கடை. இரவு தங்க எந்த ஊரிலும் இடம். நாலந்தாவில் ஒரு கெடிகே, அதாவது கல்லால் கட்டிய பழைய சிலை மனை இருக்கிறது, பல்லவர் கட்டடக்கலையை நினைவூட்டும், வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே, பார்க்கத் தவறக்கூடாது. மாசி மகத்தை ஒட்டிப் போனால் மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் தேர், ஐந்து தேரும் வீதிக்கு வருகிற நாளில் அந்த ஊரில் நின்று ஒரு இரவு தங்குவதற்காகவே நான் மார்ச் பக்கம் மேற்கால் போகச் சொல்லுவேன். இறம்பொடையில் ஆஞ்சநேயர் கோவிலில் நின்று கீழே பள்ளத்தாக்கைப் பார்க்கிறது இன்னொன்று, மழை இல்லாவிட்டால். இறம்பொடையில் ஒரு சிறிய சுரங்கப்பாதை உண்டு, அதற்குள் போவதற்கு முன் சைக்கிளின் பின் விளக்கைப் போடுங்கள், பகல்தானே என்று விடாதீர்கள்.

கிழக்குக்கு வந்தால் எனக்குப் பேச்சு நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிண்ணியாப் பாலத்தில் காலை ஆறு மணிக்கு ஏறுகிறபோதே பயணம் தொடங்கிவிடும், 396 மீற்றர், இரண்டு பக்கமும் தண்ணீர், தோணிகள். 2009 இல் அந்தப் பாலம் திறக்கும் வரைக்கும் பாதையில் ஏற்றித்தான் அக்கரை போனோம், ஏ15 முழுக்க இப்படிப் பாதைக்குக் காத்திருந்தே அரை நாள் போகும். (எங்கள் ஊரில் பாதை என்றால் வாகனம் ஏற்றும் மிதவை, வெளியூர்க்காரர் குழம்பவேண்டாம்.) வெருகலில் முருகன் கோவிலடியில் ஆறு ஓடுகிறது, அதுவும் மகாவலியின் ஒரு கிளைதான், அதில் கால் நனைத்துவிட்டுப் போனால் வாவிக்கும் எங்களுக்கும் உள்ள கணக்கின் முதல் வரி அங்கே எழுதியாயிற்று. கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, மீன் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. முதல் இரவு வாகரையில் அல்லது வாழைச்சேனைப் பக்கம். இரண்டாவது இரவு செங்கலடியில் என்றால் சின்ன நாள்தான், ஆனால் அந்தச் சின்ன நாள்தான் அடுத்த நாள் காற்றை வெல்லுகிறது.

மகாஓயாவில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. கன்னியாவில் ஏழு கிணற்றில் வாளியால் அள்ளிக் குளித்துப் பழகிய எங்களுக்கு அதைப் பார்க்கப் பெரிய ஆச்சரியம் இல்லை, ஆனால் எதிர்க்காற்றில் 45 கிலோமீற்றர் மிதித்த முழங்காலுக்கு அதன் அருமை தெரியும். பிபிலை தோடம்பழத்துக்குப் பேர் போனது, ஒரு பை வாங்கிக் கரியரில் கட்டுங்கள், லுணுகலை ஏற்றத்தில் அது மருந்து. லுணுகலையில் இருந்து பசறை வரைக்கும் மறுபடி தமிழ் கேட்கத் தொடங்கும், தேயிலைத் தோட்டங்கள், லயங்கள், சின்னச் சின்ன மாரியம்மன் கோவில்கள், தூரத்தில் நமுனுகுலை மலை. ஒரு வளைவில் மூச்சு வாங்க நின்றபோது கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு அம்மா, "எங்கிருந்து வர்றீங்க தம்பி?" என்று கேட்டார். திருகோணமலை என்றோம். "சைக்கிள்லயா? ஏன், பஸ் இல்லையா அங்க?" என்று உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டுவிட்டு, பிளாஸ்டிக் போத்தலில் இருந்த தேத்தண்ணியை மாஸ்டரிடம் நீட்டினார். மாஸ்டருடைய ஒப்பீடு அந்த இடத்தில் முடிந்தது. அவர் இப்போது கிழக்குக் கட்சி.

பதுளைக்குப் பிறகு வெலிமடைப் பள்ளத்தாக்கு. வயல் படிகளும் மரக்கறித் தோட்டங்களும் மாறி மாறி வரும், உமா ஓயா கீழே ஓடும், அதுவும் போய்ச் சேர்வது மகாவலியில்தான். அந்த ஒரு நாளுக்காகவே கிழக்கு வழியின் மிச்ச எல்லாக் கஷ்டத்தையும் மன்னிக்கலாம் என்பது என் எண்ணம். வெலிமடையில் ஒரு இரவு நின்றுவிட்டால் கடைசி நாள் குறுகும். ஹக்கலை ஏற்றம் கடுமைதான், ஆனால் 1861 இல் காய்ச்சல் மருந்துக்காகச் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய பூங்கா அங்கே இருக்கிறது, கொஞ்சம் மேலே சீதையம்மன் கோவில், இரண்டிலும் இறங்கி மூச்சு விடலாம். அதற்குப் பிறகு வாவி அதிக தூரமில்லை. இந்தப் பக்கமாக வந்தால் ஊருக்குள் நுழைய முன்னமே வாவிக் கரைக்கு வந்துவிடுகிறோம், மேற்கால் வருகிறவன் நகர நெரிசலுக்குள் புகுந்துதான் வரவேண்டும். சின்ன விஷயம், ஆனால் ஆறு நாள் மிதித்தவனுக்குப் பெரிது.

குறைகளும் சொல்லவேண்டும். மகாஓயாவுக்கும் பிபிலைக்கும் இடையில் சைக்கிள் கடையை நம்பாதீர்கள், இரண்டு டியூப், ஒட்டுச் சாமான், ஒரு செயின் இணைப்பு, கைப்பம்ப் எல்லாம் கையில் இருக்கவேண்டும், ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். தங்குமிடம் தேடிப் பிடிக்கவேண்டும், பிபிலையிலும் மகாஓயாவிலும் போய் இறங்கிய பிறகு பார்க்கலாம் என்று போகாமல் முதல் நாளே பேசி வையுங்கள். சிங்களம் கொஞ்சமாவது பேசத் தெரிந்த ஒருவர் குழுவில் இருப்பது நல்லது. கடைசியாக ஒரு நாள் கூடுதல் தேவை, மேற்கு ஐந்து நாள் என்றால் கிழக்கு ஆறு.

மூன்றாவது தெரிவு ஒன்றும் மேசைக்கு வந்தது, மருமகன் கொண்டுவந்தது. நுவரெலியாவே வேண்டாம், மாத்தளையில் இருந்து ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் ஏறி, பிட்டவலப் பத்தனைப் புல்வெளியைத் தாண்டி, பல்லேகம, லக்கலைப் பக்கம் இறங்கி மொறகஹகந்த நீர்த்தேக்கத்தில் முடிப்பது. அதுவும் மலை, பள்ளத்தாக்கு, கடைசியில் பெரிய தண்ணீர், 2018 இல் திறந்த நீர்த்தேக்கம். எலஹெர வழியாகத் திரும்பி வீட்டுக்கே மிதித்து வரலாம், லொறி பஸ் தேடத் தேவையில்லை. அழகில் மற்ற இரண்டையும் விட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லுவேன். ஆனால் ரிவர்ஸ்டனில் ஓகஸ்ட் காற்று ஆளைத் தள்ளும், வீதி ஒடுக்கம், ஈரத்தில் அட்டை. இருபத்திரண்டு வயதுக்காரர் நாலு பேர் மலைச் சைக்கிளோடு போவதென்றால் வேறு எதையும் யோசிக்காமல் இதையே தெரிவு செய்யுங்கள். மாஸ்டரோடு முடியாது.

ரயில் தெரிவும் இருக்கிறது, சிலர் அதைக் கள்ள வேலை என்பார்கள், நான் சொல்லமாட்டேன். இரவு ரயிலில் இங்கிருந்து போய்ப் பொல்கஹவெலையில் மாறி நானு ஓயாவில் இறங்கினால் நுவரெலியா எட்டுக் கிலோமீற்றர்தான். சைக்கிளைப் பார்சலில் போடவேண்டும், நீங்களும் சைக்கிளும் ஒரே ரயிலில் போகிறீர்களா என்று முதலிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். பிறகு வாவியில் தொடங்கி வெலிமடை, பதுளை, பசறை, பிபிலை என்று கிழக்கு வழியை அப்படியே மேலிருந்து கீழே இறங்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி. ஒரேயொரு எச்சரிக்கை, ஹக்கலை இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே போகாதீர்கள், றிம் கொதித்து டியூப் வெடிக்கும், பிடித்து விட்டுப் பிடித்து விட்டு இறங்கவேண்டும், ஒவ்வொரு மூன்று நாலு கிலோமீற்றருக்கும் நின்று தொட்டுப் பாருங்கள்.

திரும்பி வருவதற்கு எல்லோருக்கும் ஒரே பதில்தான், மரக்கறி லொறி. நுவரெலியாவில் இருந்தோ கெப்பெட்டிப்பொலையில் இருந்தோ ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வருகிற லொறிக்காரரைத் திருகோணமலைச் சந்தையில் வைத்தே முதல் கிழமை பேசி வைத்துவிட்டால், மூட்டைக்கு மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். நாங்கள் பஸ்ஸில்.

போன ஞாயிறு கை உயர்த்திப் பார்த்தோம். கிழக்குக்கு மூன்று, மேற்குக்கு மச்சான் ஒருவர். தோற்றவருக்கு ஆறுதலாக, பெப்ரவரியில் மாத்தளைத் தேருக்கு அவருடைய வழியால் போவதென்று ஒரு உடன்பாடு. மாஸ்டர் மட்டும் அடுத்த நாள் காலையே லுமாலாவைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய், பின் சில்லில் கொஞ்சம் பெரிய பல்சக்கரம் போடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். லுணுகலை ஏற்றத்தில் இந்தமுறை இறங்கி நடக்கமாட்டாராம், அந்த அம்மா மறுபடி கண்டால் என்ன நினைப்பார் என்கிறார்.